பவர்ஹவுஸ் நியூட்ரலில் அந்தப் பெட்டி எதற்கு?

சென்ற இதழில் வீட்டு எர்த் பற்றி எழுதியிருந்தேன். மலைப் பக்கமிருந்துதான் அதிகக் கடிதங்கள் வந்தன. எங்கள் எல்லைப் பகுதி அப்படி. குமுளி மலைச்சாலையில் பஸ் ஏறும்போதே லோயர் கேம்ப் பவர்ஹவுஸுக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் படும். மூணாறை அடுத்த பள்ளிவாசலில் 1940-லேயே டர்பைன் சுற்றத் தொடங்கிவிட்டது. மூலமட்டத்தில் மலையைக் குடைந்து, தலா 130 மெகாவாட் கொண்ட ஆறு யூனிட்டுகளை உள்ளே வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்களிடம் வீட்டு எர்த் பற்றிப் பேசினால் கேள்வி நேராக ஜெனரேட்டருக்குத்தான் போகும். பழுதை உணர்ந்து பிரேக்கரை விழச் செய்யும் பாதுகாப்பு ரிலேக்களைச் சோதிக்கும் வேலையிலேயே தலை நரைத்த எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் வேறில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்க ஜெனரேட்டர் எர்த்திங்தான்.

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு நீர்மின் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஜெனரேட்டரின் ஸ்டார் பாயிண்டை, அதாவது மூன்று ஃபேஸும் ஒன்றுசேரும் நியூட்ரலை, நேரே எர்த் பிட்டில் கட்டாமல், ஓர் இரும்புப் பெட்டிக்குள் டிரான்ஸ்பார்மரும் ரெசிஸ்டரும் வைத்து அதன் வழியாகக் கட்டியிருந்தார்கள். எர்த்தில் ஓம்ஸ் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்றுதானே ஐயா படித்தோம்?
– டிப்ளமோ மாணவி, கம்பம்

பதில்: நீங்கள் படித்ததும் சரி, பார்த்ததும் சரிதான் அம்மா. ஓம்ஸ் குறைய வேண்டும் என்று படித்தது, இயந்திரத்தின் உடம்பையும் பேனல்களையும் தரைக்கடியில் புதைத்த கம்பி வலையான எர்த் மேட்டில் கட்டும் எர்த். அது மனிதர்களைக் காப்பது. பவர்ஹவுஸிலும் அது ஓர் ஓமுக்குக் கீழேதான் இருக்கும். நீங்கள் பெட்டிக்குள் பார்த்தது நியூட்ரல் எர்த். ஜெனரேட்டருக்குள் பழுது வரும்போது எத்தனை ஆம்பியர் ஓடலாம் என்று தீர்மானிப்பது அதன் வேலை.

எதைக் காப்பாற்றுகிறோம் என்று முதலில் பார்ப்போம். ஜெனரேட்டரின் சுற்றாத பகுதியான ஸ்டேட்டரின் கோர் என்பது ஒரே இரும்புக் கட்டி அல்ல. அரை மில்லிமீட்டரோ அதைவிட மெல்லியதோ ஆன சிலிக்கான் ஸ்டீல் தகடுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி, போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் வார்னிஷ் பூச்சு உண்டு. தகட்டுக்குத் தகடு கரண்ட் தாவக் கூடாது என்பதற்காக அது. இந்தக் கோரில் வெட்டிய ஸ்லாட்டுகளுக்குள் காயில்கள் உட்கார்ந்திருக்கும். ஏதாவது ஓர் இடத்தில் காயிலின் இன்சுலேஷன் விட்டுப்போனால், கரண்ட் அங்கிருந்து கோருக்குள் இறங்கும். ஸ்டேட்டர் எர்த் ஃபால்ட் என்பது இதுதான்.

காயில் போனால் மாற்றிவிடலாம். செலவு, சில நாள் வேலை, அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் பெரிய கரண்ட் ஓடி ஆர்க் எரிந்தால் கோரின் தகடுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடத்தில் அதன்பிறகு எடி கரண்ட், அதாவது இரும்புக்குள்ளேயே சுழலும் வீண் கரண்ட், சுற்றிக்கொண்டே இருக்கும், சூடு ஏறும், அந்தச் சூட்டில் புதிதாக வைத்த காயிலும் வேகும். அதைச் சரிசெய்ய, உள்ளே சுற்றும் பகுதியான ரோட்டாரை வெளியே எடுத்து, கோரைப் பிரித்து, தகடுகளைத் திரும்ப அடுக்க வேண்டும். மாதக் கணக்கில் யூனிட் நிற்கும். பெரிய இயந்திரங்களில் எர்த் ஃபால்ட் கரண்டைப் 10, 15 ஆம்பியருக்குள் கட்டிப்போடுவது இந்தக் கோருக்காகத்தான்.

ரிலே இருக்கிறதே, பிரேக்கர் விழுந்துவிடுமே என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்விதான், பல பொறியாளர்களும் இங்கேதான் தவறவிடுகிறார்கள். பிரேக்கர் விழுந்தால் கிரிட்டோடு உள்ள தொடர்பு அறும், சரி. ஆனால் பழுது பிரேக்கருக்கு இந்தப் பக்கம், ஜெனரேட்டருக்குள்ளேயே இருக்கிறது. டர்பைன் கேட் மூடினாலும் ரோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும். ரோட்டாரைக் காந்தமாக்கும் கரண்டை நிறுத்தும் ஃபீல்டு பிரேக்கர் திறந்தாலும் ரோட்டாரின் காந்தப்புலம் அந்த நொடியே இறங்கிவிடாது. மெல்லத் தேய்ந்துதான் போகும், அதற்குப் பல நொடிகள் ஆகும். அத்தனை நேரமும் இயந்திரம் தன் பழுதுக்குத் தானே கரண்ட் ஊட்டிக்கொண்டிருக்கும். அந்த நொடிகளில் ரிலேயோ பிரேக்கரோ செய்ய எதுவும் மிச்சமில்லை. நியூட்ரலில் இருக்கும் அந்தப் பெட்டி மட்டும்தான் நடுவில் நிற்கிறது. நான் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

நேரடியாகக் கட்டினால் என்ன ஆகும்? ஜெனரேட்டரின் ஜீரோ சீக்வென்ஸ் ரியாக்டன்ஸ், அதாவது எர்த் ஃபால்ட் கரண்டுக்கு அது தானே காட்டும் தடை, மிகக் குறைவு. அதனால் ஒரே ஒரு ஃபேஸ் எர்த் ஆனால் ஓடும் கரண்ட், மூன்று ஃபேஸும் சேர்ந்து ஷார்ட் ஆகும்போது ஓடுவதையும் தாண்டிவிடக்கூடும். ஆயிரக்கணக்கான ஆம்பியர். காயில் முனைகளைக் கட்டி இறுக்கியிருப்பது மூன்று ஃபேஸ் ஷார்ட்டின் விசையைத் தாங்கத்தான். அதற்கு மேலே வருவதைத் தாங்கும் என்று இயந்திரம் செய்தவர்கள் உத்தரவாதம் தருவதில்லை.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஜெனரேட்டர் டிரான்ஸ்பார்மரில் ஜெனரேட்டர் பக்கம் டெல்டா, அதாவது நியூட்ரல் இல்லாத முக்கோண இணைப்பு; லைன் பக்கம் ஸ்டார். அந்த டெல்டா இருப்பதால் கிரிட்டின் எர்த் ஃபால்ட் கரண்ட் உள்ளே வர வழியில்லை. எர்த்தைப் பொறுத்தவரை ஜெனரேட்டர் ஒரு தனித் தீவு. அதனால்தான் நியூட்ரலில் ஒரு பெட்டியை வைத்து மொத்தத்தையும் அடக்க முடிகிறது.

கேள்வி: அப்படியானால் நியூட்ரலை எதிலும் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டால் எர்த் ஃபால்ட் கரண்டே இருக்காதே?
– அப்ரண்டிஸ், மூணாறு

பதில்: படத்தில் அப்படித்தான் தெரியும் தம்பி. ஆனால் ஸ்லாட்டில் இருக்கும் காயிலும் அதைச் சுற்றியிருக்கும் இரும்பும், நடுவில் இன்சுலேஷனுமாகச் சேர்ந்து ஒரு கப்பாசிட்டர். பஸ் டக்ட், சர்ஜ் கப்பாசிட்டர், டிரான்ஸ்பார்மர் வைண்டிங் எல்லாவற்றுக்கும் எர்த்தோடு கப்பாசிட்டன்ஸ் உண்டு. எதிலும் கட்டாத நியூட்ரலும் இவற்றின் வழியாக எர்த்தோடு கட்டித்தான் இருக்கிறது.

ஒரு ஃபேஸ் எர்த் ஆனதும் மற்ற இரண்டு ஃபேஸும் எர்த்துக்கு மேலே 1.73 மடங்கு ஏறும். 11 கே.வி. இயந்திரத்தில் 6.35 கே.வி.யில் இருந்தது 11 கே.வி. ஆகும். அதையாவது நல்ல இன்சுலேஷன் தாங்கும். ஆர்க் விட்டு விட்டுப் பிடிப்பதுதான் ஆபத்து. கரண்ட் சுழியத்தைத் தொடும்போது ஆர்க் அணையும். கப்பாசிட்டன்ஸில் அந்தச் சார்ஜ் அப்படியே மாட்டிக்கொள்ளும், வெளியேற வழியில்லை. அடுத்த அரைச் சுற்றில் வோல்டேஜ் எதிர்ப்பக்கம் ஏறி மறுபடி ஆர்க் பிடிக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் உயரம் ஏறுவதுபோல, ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் படிப்படியாக ஏறும். ஐந்து, ஆறு மடங்குவரை போகக்கூடும் என்கிறார்கள். அப்போது வேறொரு ஃபேஸில், வேறொரு ஸ்லாட்டில் இன்சுலேஷன் கிழியும். இரண்டு எர்த் ஃபால்ட் சேர்ந்தால் அது கோர் வழியாக ஃபேஸுக்கு ஃபேஸ் ஷார்ட். அதற்குப்பிறகு நியூட்ரலில் எந்தப் பெட்டி வைத்தும் பயனில்லை.

ரெசிஸ்டர் அந்தச் சார்ஜை வடித்துவிடுகிறது. எவ்வளவு வடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று ஃபேஸின் சார்ஜிங் கரண்ட் மொத்தம் எவ்வளவோ, ரெசிஸ்டர் வழியாக ஓடுவது அதற்குக் குறையக் கூடாது. அப்படி வைத்தால் ஆர்க்கினால் ஏறும் வோல்டேஜ் இரண்டரை மடங்கை ஒட்டி நின்றுவிடும். ஆக, கோருக்காகக் கரண்டைக் குறைக்க வேண்டும், இன்சுலேஷனுக்காக ஓரளவு ஓடவும் விட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ரெசிஸ்டரின் அளவு இருக்கிறது.

கேள்வி: எங்கள் 11 கே.வி. இயந்திரத்தின் நியூட்ரல் பெட்டியில் உள்ள ரெசிஸ்டரின் பெயர்ப்பலகையில் அரை ஓம் என்றிருக்கிறது. இதைப்போய் ஹை ரெசிஸ்டன்ஸ் எர்த்திங் என்கிறார்களே, பலகை தப்பா?
– சிறு நீர்மின் நிலைய ஆபரேட்டர், குமுளி

பதில்: பலகை சரிதான். ரெசிஸ்டர் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் இருக்கிறது. அதைப் பிரைமரி பக்கத்திலிருந்து பார்த்தால் சுற்று விகிதத்தின் வர்க்கம் அளவுக்குப் பெருகித் தெரியும்.

உங்கள் இயந்திரத்துக்கே கணக்குப் போடலாம். ஃபேஸின் மொத்தக் கப்பாசிட்டன்ஸ் 0.8 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவு நீராவி இயந்திரத்தைவிட மெதுவாகச் சுற்றும் நீர்மின் இயந்திரங்களுக்குக் கப்பாசிட்டன்ஸ் கூடுதல் என்பதால் இது நம்பும்படியான அளவுதான். உங்கள் கமிஷனிங் ரிப்போர்ட்டில் அளந்த எண் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில், 6,350 வோல்ட்டில், மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து 4.8 ஆம்பியர் சார்ஜிங் கரண்ட். ரெசிஸ்டர் வழியாக 6 ஆம்பியர் என்று முடிவு செய்தால் நியூட்ரலில் 1,058 ஓம் வேண்டும். 11,000-க்கு 240 வோல்ட் டிரான்ஸ்பார்மர் என்றால் விகிதம் 45.8, வர்க்கம் ஏறக்குறைய 2,100. 1,058-ஐ அதால் வகுத்தால் அரை ஓம். உங்கள் பலகை சொல்வது இதைத்தான்.

எர்த் ஃபால்ட் வரும்போது அந்த அரை ஓமில் 139 வோல்ட் விழும், 275 ஆம்பியர் ஓடும், 38 கிலோவாட் சூடு எழும். பழுதான இடத்தில் ஓடுவது ரெசிஸ்டரின் 6-ம் கப்பாசிட்டன்ஸின் 4.8-ம் செங்குத்தாகக் கூடி 7.7 ஆம்பியர். கோர் தப்பிக்கும்.

ஆயிரம் ஓம் ரெசிஸ்டரையே நேராக நியூட்ரலில் வைக்கலாமே என்றும் தோன்றும். வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் ஆயிரம் ஓமுக்கு மெல்லிய கம்பியை நீளமாகச் சுற்ற வேண்டும், அதை 6,350 வோல்ட்டுக்குத் தாங்கும் இன்சுலேட்டர்மேல் நிறுத்த வேண்டும். நடுங்கும் தரை, ஈரக் காற்று. ஓர் இடத்தில் அறுந்தால் போச்சு. அரை ஓம் என்றால் தடித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரிட். கனமானது, மலிவு, லேசில் உடையாது. போதாததற்கு ரிலேக்கு வேண்டிய வோல்டேஜும் அதே செகண்டரியில் கைக்கு எட்டும் அளவில் கிடைக்கிறது. எனக்கு டிரான்ஸ்பார்மர் ஏற்பாடுதான் பிடிக்கும்.

பலகையில் ஓம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு நேரமும் இருக்கும். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று. எர்த் ஃபால்ட் வந்தால் உடனே டிரிப் ஆகும் என்று நம்பிக் கொடுத்த நேரம் அது. யூனிட்டை நிறுத்த மனமில்லாமல் ரிலேயை அலாரத்தில் மட்டும் விட்டு வைத்திருக்கும் நிலையங்களும் உண்டு. அங்கே ரெசிஸ்டர் தொடர்ந்து ஓடுவதற்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் ஸ்டேட்டர் எர்த் ஃபால்ட் என்றால் டிரிப்தான், ஃபீல்டு பிரேக்கரோடு சேர்த்து.

கேள்வி: எர்த் ஃபால்ட் ரிலே வைண்டிங்கில் 95 சதவீதத்தைத்தான் பார்க்கும் என்கிறார்கள். மீதி 5 சதவீதத்தில் வோல்டேஜே கம்மி, பழுதே வராது, விட்டுவிடலாம் என்கிறார் எங்கள் சீனியர். சரியா சார்?
– ஷிப்ட் இன்ஜினியர், வால்பாறை

பதில்: உங்கள் சீனியர் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

பழுது லைன் முனையில் என்றால் நியூட்ரலில் முழு வோல்டேஜ் வரும். நடுக் காயிலில் என்றால் பாதி. நியூட்ரலை ஒட்டி என்றால் ஏறக்குறைய ஒன்றும் வராது. ரிலேயை 5 சதவீதத்தில் வைத்தால், மேலே சொன்ன பெட்டியின் கணக்கில் அது 7 வோல்ட். அதற்குக் கீழே வருவது அதன் கண்ணில் படாது. சரி, வோல்டேஜ் குறைவு என்பதால் அங்கே பழுது வர வாய்ப்பும் குறைவுதான். ஆனால் வோல்டேஜ் மட்டும்தான் இன்சுலேஷனைக் கெடுக்கிறதா? நடுக்கத்தில் காயில் உராயும், போல்ட் தளரும், கூலரிலிருந்து தண்ணீர் கசியும். இவை நியூட்ரல் பக்கத்துக் காயில் என்று பார்த்து விலகிப்போகாது.

அங்கே பழுது வந்து யாருக்கும் தெரியாமல் இருந்தால் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். நியூட்ரல் கோர் வழியாக நேராக எர்த்தில் உட்கார்ந்துவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் ரெசிஸ்டரின் இரண்டு முனையும் ஷார்ட் ஆனதுபோல. அப்புறம் ஒருநாள் லைன் முனையில் இன்னொரு எர்த் ஃபால்ட் வரும்போது 7 ஆம்பியருக்குப் பதில் ஆயிரக்கணக்கில் ஓடும். அந்த 5 சதவீதத்துக்குக் காவல் வைப்பது முதல் பழுதுக்குப் பயந்து அல்ல, இரண்டாவதற்குப் பயந்து.

காவலுக்கு இரண்டு வழி. ஜெனரேட்டர் இயல்பாகவே கொஞ்சம் மூன்றாவது ஹார்மோனிக், அதாவது 150 ஹெர்ட்ஸ், உண்டாக்கும். நல்ல நிலையில் அதில் ஒரு பங்கு நியூட்ரலில் தெரியும். நியூட்ரலை ஒட்டிப் பழுது வந்தால் அது மறைந்துவிடும். அது மறைவதைப் பார்த்து விழும் ரிலே ஒன்று. லோடைப் பொறுத்து இந்த ஹார்மோனிக் ஏறி இறங்கும் என்பதால், பல லோடுகளில் அளந்து பார்த்துத்தான் செட்டிங் கொடுக்க வேண்டும். மேஜையில் உட்கார்ந்து போட்ட செட்டிங் வீண் டிரிப் கொடுக்கும். அதற்குப் பயந்து யாராவது ஒருவர் அதை ஆஃப் செய்துவிடுவார், அதோடு காவலும் போயிற்று. இரண்டாவது வழி, நியூட்ரலில் 20 ஹெர்ட்ஸ் சிக்னலை வெளியிலிருந்து செலுத்தி, கசியும் கரண்டை எப்போதும் அளந்துகொண்டிருப்பது. விலை கூடுதல். ஆனால் இயந்திரம் நின்றுகொண்டிருக்கும்போதும் பழுதைச் சொல்லிவிடும். பெரிய யூனிட்டுக்கு இதற்குச் செலவு செய்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கேள்வி: எங்கள் தேயிலை ஃபேக்டரியில் 250 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. அதற்கும் நியூட்ரலில் ரெசிஸ்டர் வைக்கலாமா அண்ணே?
– எலக்ட்ரீஷியன், வண்டிப்பெரியாறு

பதில்: வேண்டாம். 415 வோல்ட், நாலு ஒயர், ஒரு ஃபேஸில் லைட்டும் பிளக்கும் ஓடும் இடம். அங்கே நியூட்ரல் நேராக எர்த்தில்தான் இருக்க வேண்டும், அதுவும் தனித்தனியாக இரண்டு இணைப்பு. பாடிக்கு வேறு இரண்டு. டீசல் செட்டுக்கு நாலு எர்த் பிட் கேட்பது இதனால்தான், செலவு என்று குறைக்காதீர்கள். அங்கே எர்த் ஃபால்ட் என்றால் பிரேக்கர் சட்டென்று விழ வேண்டும். ரெசிஸ்டர் வைத்தால் அது விழாது, வாடல் தொட்டிப் பக்கம் ஈரக் கையோடு நிற்கிற தொழிலாளிக்குத்தான் ஆபத்து. கரண்ட் ஆபீஸ் லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் நாலு போல்தானா, அதாவது நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். மூன்று போல் என்றால் இரண்டு நியூட்ரலும் எப்போதும் சேர்ந்தே இருக்கும், எர்த் ஃபால்ட் கரண்ட் வேறு வழியில் சுற்றிப்போய் ரிலேயை ஏமாற்றும்.

கேள்வி: நான் வேலை பார்க்கும் ஆலையில் இரண்டு 11 கே.வி. ஜெனரேட்டர்களும் கிரிட் டிரான்ஸ்பார்மரும் ஒரே பஸ்ஸில், அதாவது ஒரே பொதுக் கம்பியில். மூன்றின் நியூட்ரலிலும் 400 ஆம்பியர் ரெசிஸ்டர் போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் 10 ஆம்பியர் கணக்குக்கு இது எதிராக இருக்கிறதே?
– மின் பராமரிப்புப் பிரிவு, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் ஆலையில் ஜெனரேட்டர் தனித் தீவு அல்ல. அதே பஸ்ஸிலிருந்து பல ஃபீடர்கள் மோட்டார்களுக்கும் டிரான்ஸ்பார்மர்களுக்கும் போகின்றன. கேபிள் நீளம் கூடக்கூட சார்ஜிங் கரண்டும் ஏறிக்கொண்டே போகும், 10 ஆம்பியரில் அடங்காது. எந்த ஃபீடரில் எர்த் ஃபால்ட் என்று கண்டுபிடித்து அதை மட்டும் கழற்றவும் தாராளமான கரண்ட் வேண்டும். 200, 400 ஆம்பியர் வைப்பது அதற்காக. ஃபீடரில் பழுது என்றால் அந்த பிரேக்கர் விழுந்ததும் கதை முடிந்தது, நல்ல ஏற்பாடு.

பழுது ஜெனரேட்டருக்குள் என்றால்தான் வில்லங்கம். மூன்று நியூட்ரலிலிருந்தும் சேர்ந்து 1,200 ஆம்பியர் அந்த ஸ்லாட்டில் இறங்கும். பிரேக்கர் விழுந்ததும் 800 நின்றுவிடும், ஒரு நொடிக்குள்ளேயே. மீதி 400 அந்த இயந்திரத்தின் சொந்த நியூட்ரல் வழியாக, காந்தப்புலம் தேயும்வரை ஓடும். கோரில் ஏற்படும் சேதத்தில் பெரும்பங்கு இந்த 400 ஆம்பியர் செய்வதுதான். பெரிய 800-ஐப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள், ஆனால் நீண்ட நேரம் நின்று எரிப்பது சின்ன 400.

இதற்கென்றே ஹைப்ரிட் எர்த்திங் என்று ஒரு முறையை 2000-களின் தொடக்கத்தில் மின்பொறியாளர்களின் ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பின் பணிக்குழு விரிவாக எழுதியது. நியூட்ரலில் இரண்டு ரெசிஸ்டர் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று 400 ஆம்பியருக்கு, ஒரு வேக்குவம் பிரேக்கர் வழியாக. மற்றொன்று 10 ஆம்பியருக்கு, நிரந்தரமாக. பழுது இயந்திரத்துக்குள் என்று, இரு முனைகளின் கரண்டையும் ஒப்பிடும் டிஃபரன்ஷியல் எர்த் ஃபால்ட் ரிலே சொன்னதும் மெயின் பிரேக்கரோடு அந்த நியூட்ரல் பிரேக்கரும் திறக்கும். அதன்பிறகு காந்தப்புலம் எவ்வளவு நேரம் தேய்ந்தாலும் ஓடுவது 10 ஆம்பியர்தான். நியூட்ரல் மிதந்துபோகாமலும் இருக்கும். உங்கள் ஆலையில் இனி எதையாவது மாற்ற வாய்ப்பு கிடைத்தால் இதைக் கேளுங்கள். முடியவில்லை என்றால், பஸ்ஸுக்கென்று தனி நியூட்ரல் தரும் ஒரு ஜிக்ஜாக் எர்த்திங் டிரான்ஸ்பார்மர் வைத்து 400 ஆம்பியரை அங்கே கொண்டுபோய்விட்டு, ஜெனரேட்டர் நியூட்ரல்களை 10 ஆம்பியரோடு நிறுத்தலாம். பஸ் டிஃபரன்ஷியல் எல்லாம் பழையபடி வேலை செய்யும்.

ஒரு ஜெனரேட்டரின் நியூட்ரலை மட்டும் கட்டிவிட்டு மற்றதை விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கட்டின இயந்திரம் டிரிப் ஆன மறுகணம், கிரிட்டும் இல்லாதபோது, மொத்த ஆலையும் எர்த் இல்லாமல் ஓடும்.

கேள்வி: ஸ்டேட்டருக்கு இத்தனை யோசனை. ரோட்டார் ஃபீல்டை மட்டும் எர்த்தே செய்வதில்லையே?
– ஐ.டி.ஐ. பயிற்றுநர், செங்கோட்டை

பதில்: அது டி.சி., தனியே மிதக்கிறது. முதல் எர்த் ஃபால்ட் வந்தால் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை, ஒன்றும் ஆகாது. இரண்டாவது வந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுற்றுகள் ஷார்ட் ஆகி, ஒரு பக்கத்துக் காந்தம் மட்டும் பலவீனப்படும். ரோட்டாரை ஸ்டேட்டர் ஒரு பக்கமாக இழுக்கும், நடுக்கம் எகிறும், பேரிங் போகும், ரோட்டார் ஸ்டேட்டரில் உரசவும் கூடும். ஆகவே ரோட்டாரில் முதல் அலாரத்துக்கே மரியாதை கொடுத்து, வசதியான நேரம் பார்த்து யூனிட்டை நிறுத்துவதுதான் நல்லது.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் யூனிட் சில வாரம் நிற்கும். திரும்ப எடுக்கும்போது நியூட்ரல் பெட்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்?
– ஆபரேட்டர், பீர்மேடு

பதில்: உங்கள் ஊரில் ஜூனில் மழை பிடித்தால் சட்டை காயவே வாரமாகும், வைண்டிங் எம்மாத்திரம். நிற்கும் நாட்களில் ஸ்பேஸ் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். எடுப்பதற்கு முன், இன்சுலேஷனை அளக்கும் மெக்கர். பழைய இயந்திரத்துக்கு 40 டிகிரி கணக்கில் கிலோவோல்ட் எண்ணோடு ஒன்று கூட்டினால் வரும் மெகாஓம்தான் குறைந்தபட்சம், அதாவது 11 கே.வி.க்கு 12 மெகாஓம். இப்போதைய இன்சுலேஷனுக்கு 100-க்குக் குறைந்தால் ஒத்துக்கொள்ள முடியாது. பத்தாவது நிமிட அளவை முதல் நிமிட அளவால் வகுத்தால் 2-க்கு மேலே வர வேண்டும். வராவிட்டால் உலர்த்துங்கள், அவசரப்பட்டு வோல்டேஜ் ஏற்றாதீர்கள்.

பிறகு பெட்டி. இடுக்கி மலையில் ஒரு தனியார் சிறு நிலையத்தில் ரிலே சோதிக்கப் போயிருந்தேன். ரிலே அழகாக வேலை செய்தது. பெட்டிக் கதவைத் திறந்தபோது கேஸ்கெட் மக்கியிருந்தது, அடித்தட்டில் தண்ணீர்க் கறை. ரெசிஸ்டர் கிரிட்டின் இரண்டு பிளேட்டுகளை இணைக்கும் பட்டையில் போல்ட்டைச் சுற்றிலும் துரு பொரிந்து, வாஷர் கையோடு வந்தது. குறை ஓம் மீட்டரை வைத்தால் எண் நிற்கவே இல்லை. பட்டையை விரலால் அழுத்தினால் அரை ஓம் காட்டியது, விட்டால் ஓப்பன். அந்த இயந்திரம் எத்தனை மழைக்காலமாக எர்த் இல்லாமல் ஓடியதோ, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வரவும் வராது. ரெசிஸ்டர் அறுந்தாலும் எர்த் ஃபால்ட் ரிலேக்கு வோல்டேஜ் கிடைக்கும், அது விழும். அறுந்தால் போவது ஆர்க்கின் வோல்டேஜை அடக்கும் சக்தி மட்டும், அது எந்த மீட்டரிலும் தெரியாது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது ரெசிஸ்டரை நாலு ஒயர் மீட்டரில் அளந்து பலகையோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்குங்கள்.

இன்னொன்று, மெக்கர் போட்டவர்களுக்கு. நியூட்ரல் லிங்க்கைக் கழற்றாமல் மெக்கர் போட்டால் எர்த்திங் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி வழியாக எர்த் காட்டும், எண் சுழியமாக வரும். ஆகவே கழற்றத்தான் வேண்டும். வேலை முடிந்து திரும்ப மாட்டுவதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். மாட்டினோமா என்பதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. இயந்திரத்தை முழு வேகத்தில் சுற்றி வோல்டேஜை ஏற்றியபின், கிரிட்டில் சேர்க்கும் முன், ரிலேயின் திரையில் நியூட்ரலின் மூன்றாவது ஹார்மோனிக் அளவைப் பாருங்கள். சென்ற முறை எழுதி வைத்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் லிங்க் மாட்டியிருக்கிறது. சுழியம் காட்டினால் ஒன்று லிங்க் தொங்குகிறது, இல்லை நியூட்ரலை ஒட்டிப் பழுது இருக்கிறது. ஃபீல்டை இறக்கி யூனிட்டை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறங்கள்.